வாசிப்பதைக் கேட்க ஒருவர்

பாடசாலைகள் மூடப்படுகின்றன என்ற செய்தி வந்ததும் கொழும்பில் பெற்றோர் முதலில் கேட்பது ‘பாடம் பின்தங்கிவிடாதா?’ என்றுதான். சுற்றாடல் பாடத்தில் அடுத்த அலகு, கணிதத்தில் பெருக்கல், தவணைப் பரீட்சை எப்போது என்று பேச்சு அதையே சுற்றும். அலகுகளைப் பிறகு முடித்துக்கொள்ளலாம். ஆறு, ஏழு, எட்டு வயதுப் பிள்ளையிடமிருந்து சத்தமில்லாமல் நழுவிப் போவது வாசிப்பு. அது நழுவியது உடனே யாருக்கும் தெரிவதில்லை. தரம் 4 இல், தரம் 5 இல் பிள்ளை ஒரு பந்தியின் முன்னால் திணறும்போதுதான் தெரியவரும். அப்போது எல்லோரும் அதைச் சோம்பல் என்று நினைப்பார்கள்.

நான் ஆசிரியை இல்லை. என் அக்கா வடகொழும்பில் ஒரு தமிழ் மொழிமூலப் பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறார். கொரோனாக் காலத்தில் அவருடைய வகுப்புப் பிள்ளைகள் சிலர் வாசிப்பதைத் தொலைபேசியில் கேட்கத் தொடங்கினேன். விடுமுறை நாட்களில் இன்றும் கேட்கிறேன். இங்கே எழுதுவது அந்த அனுபவத்தில் இருந்து வந்தது. பெரும்பகுதி அக்கா கற்றுத்தந்தது.

2020 ஜனவரியில் தரம் 1 இல் சேர்ந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். மார்ச் 13 இல் பாடசாலைகள் மூடப்பட்டன. அதற்குள் அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு மாதங்கள். ஜூலையில் படிப்படியாகத் திறந்தார்கள். ஒக்டோபரில் மறுபடி மூடினார்கள். மேல் மாகாணத்தில் அந்த மூடல் அடுத்த மார்ச் வரை நீண்டது. 2021 ஏப்ரல் இறுதியில் நாடு முழுவதும் திரும்பவும் மூடல். அந்த ஒக்டோபர் பிற்பகுதியில்தான் ஆரம்பப் பிரிவுகள் திறக்கத் தொடங்கின. இனிச் சரி என்று மூச்சு விட்டபோது 2022 வந்தது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஜூனில் எரிபொருள் இல்லாமல் கொழும்புப் பாடசாலைகள் மூடப்பட்டு, வகுப்புகள் போனுக்குத் திரும்பின. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக வேண்டிய மூன்று வருடங்களும் அந்தப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளம் வந்தபோதும் பாடசாலைகள் மூடப்பட்டன. களனி கங்கையோரத்துப் பல வீடுகளில் பிள்ளைகளின் புத்தகங்களும் சேற்றோடு போயின. இந்த ஊரில் பாடசாலை மூடப்படுவது இனிமேல் அபூர்வமான ஒன்று என்று நான் நம்பவில்லை. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

தமிழ் வாசிப்பு சின்னப் பிள்ளைக்கு எப்படிப்பட்ட வேலை என்பதைப் பெரியவர்களாகிய நாம் மறந்துவிட்டோம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்துகள். எல்லாவற்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஒரு ஒழுங்கு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒழுங்கு பிள்ளையை அடிக்கடி கைவிடும். கு, சு, டு, து, பு என்று உகர வரிசை எழுத்துக்கு எழுத்து வேறு விதமாக வளையும். கெ, கே, கை என்பவற்றில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். கொ, கோ என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கும். ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் எழுதுவது ஒரே க, ஒலிப்பது மூன்று விதம். ல, ள, ழ பற்றிச் சொல்லவே வேண்டாம். இதையெல்லாம் ஒருமுறை கற்றுக்கொடுத்து முடிப்பதற்கு வழியில்லை. பிள்ளை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வாய்விட்டு வாசிக்க வாசிக்கத்தான் கண்ணும் நாக்கும் ஒன்றாகப் போகப் பழகும். வாக்கியத்தின் முதற்பாதியை எழுத்துக் கூட்டி முடிப்பதற்கே பிள்ளைக்கு அரை நிமிடம் தேவைப்பட்டால், கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதற்சொல் மறந்துபோயிருக்கும். வாசித்திருப்பாள். என்ன வாசித்தாள் என்று கேட்டால் தெரியாது.

இதற்கு மேல் இன்னொன்று. பாடப்புத்தகத்தின் தமிழ் எந்த வீட்டின் பேச்சுத் தமிழும் இல்லை. அக்காவின் வகுப்பில் யாழ்ப்பாணத்துப் பூர்வீகப் பிள்ளைகள், மலையகத்தில் இருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், உம்மா வாப்பா என்று அழைக்கும் பிள்ளைகள், அப்பா தமிழும் அம்மா சிங்களமும் பேசும் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். ‘பூனை பாலைக் குடித்தது’ என்பது இவர்களில் யாருடைய வாயிலும் இயல்பாக வருவதில்லை. ஒரு பிள்ளை அதை ‘குடிச்சுது’ என்று வாசித்தால் எழுத்துத் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. எழுத்தைப் பார்த்து, பொருளை விளங்கி, தன் பேச்சில் சொல்லியிருக்கிறது. அதை உடனே பிழை என்று வெட்டக்கூடாது என்று அக்கா எனக்கு முதலில் சொன்னார். வசனம் முடிந்த பிறகு நாங்கள் ஒருதரம் ‘குடித்தது’ என்று வாசித்துக் காட்டினால் போதும். எழுத்துத் தமிழ் காதில் விழுந்து விழுந்துதான் பழகும்.

அப்படியானால் வாசிக்கும் பிள்ளைக்கு அருகில் கேட்கிற ஒருவர் வேண்டும். பாடசாலை திறந்திருக்கும்போது அது ஆசிரியர். வீட்டில் இருந்து கற்ற காலத்தில் அந்த இடம்தான் காலியாகிப் போனது.

அனுப்புவதற்கு நிறைய இருந்தது. கல்வியமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இருந்தன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடப்புத்தகங்கள் இருந்தன. நேத்ரா தொலைக்காட்சியில் ‘குரு கெதர’ தமிழ் நிகழ்ச்சி போனது. வட்ஸ்அப்பிலும் வைபரிலும் செயலட்டைகள் வந்து குவிந்தன. இவற்றைச் செய்தவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். மேல் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு அவை கைகொடுத்தன. ஆனால் எல்லாம் பிள்ளையை நோக்கிப் போனவை. பிள்ளையிடம் இருந்து திரும்பி வந்தது கொப்பியின் படம் மட்டும். அந்தப் படத்தில் வாசிப்புத் தெரியாது. அக்கா ஒருநாள் சொன்னார்: “கொப்பியைப் பார்த்தா முத்து முத்தா எழுத்து. ஃபோன் எடுத்து அதே பக்கத்தை வாசிக்கச் சொன்னா வாய் திறக்குதில்லை.” பார்த்து எழுதுவது வேறு திறன், வாசிப்பது வேறு திறன். சில வீடுகளில் அம்மாவே சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதியிருந்தது. அந்த அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே நாளில் மூன்று பிள்ளைகளின் மூன்று வகுப்புக் குழுக்களுக்கும் படம் அனுப்ப வேண்டியிருந்தவர்கள் அவர்கள்.

கருவிகளின் நிலை உங்களுக்குத் தெரியும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கணினி இருந்த வீடுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. மற்றவர்களுக்குக் கையில் இருந்தது போன் மட்டும். அந்தப் போனும் அப்பாவோடு காலையில் வெளியே போய்விடும். ஆட்டோ ஓட்டுகிறவர் போனை வீட்டில் வைத்துவிட்டு எப்படிப் போவார்? அதனால் பல பிள்ளைகளுக்குப் பாடம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது.

அக்கா செய்தது எளிமையான ஒன்று. ஸூம் வகுப்பை விட்டுவிட்டு, இரவில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சாதாரண அழைப்பு எடுத்தார். டேட்டா தேவையில்லை, பட்டன் போனும் போதும். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை, அல்லது பிள்ளைக்குப் பிடித்த எதையாவது, வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம். ஒரு வாரத்திற்குள் யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. மெய்யெழுத்தில் தடுக்குகிறவர், குறில் நெடில் மாறுகிறவர், எழுத்தெல்லாம் சரியாக வந்தும் முற்றுப்புள்ளியில் நிற்காமல் ஓடுகிறவர் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பு. செயலட்டை எதுவும் இதை அவருக்குக் காட்டியிருக்காது.

ஆனால் நாற்பது பிள்ளைகள் வரை இருக்கும் வகுப்பு. அந்த அழைப்புகளின் செலவு அவருடைய சம்பளத்தில் இருந்து போனது. அழைக்க முடியாத பிள்ளைகளைக் குரல்பதிவு அனுப்பச் சொன்னார். நடுச்சாமம் வரை காதில் இயர்போனோடு அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். தனக்கும் இரண்டு பிள்ளைகள். இப்படி நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. அப்போதுதான் கேட்கிற வேலையைப் பகிரத் தொடங்கினோம். நான் வந்தேன். ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை வந்தார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் அம்மம்மாக்கள்.

அம்மம்மாக்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரில் ஒரு பாதி, வெளிநாட்டில் ஒரு பாதி. பருத்தித்துறையில், ஹற்றனில், மட்டக்களப்பில், ரொறன்ரோவில் எங்கோ ஓர் அம்மம்மா அல்லது அப்பப்பா பேரப்பிள்ளையின் குரலுக்காகக் காத்திருக்கிறார். கோடைகாலத்தில் கொழும்பில் காலை ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு ஒன்பதரை. இரவுச் சாப்பாடு முடிந்து அங்கே ஓய்வாக இருக்கும் நேரம், இங்கே பிள்ளை புதிதாக விழித்திருக்கும் நேரம். ‘சாப்பிட்டியா, படிச்சியா’ என்ற இரண்டு கேள்விகளோடு முடிந்துபோகும் அழைப்பு, பிள்ளை ஒரு கதை வாசித்துக்காட்டும் அழைப்பாக மாறியதும் நீளத் தொடங்கியது. இரண்டு பக்கமும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

அப்போது நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். தொலைபேசியில் கேட்கிறவரிடம் புத்தகம் இல்லை. பக்கத்தில் இருக்கும் அம்மா புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். பிள்ளை தடுக்கியதும் சொல்லைத் தானே எடுத்துக்கொடுத்துவிடுவார். தூரத்து அம்மம்மாவுக்கு அது முடியாது. பிள்ளை வாசித்தால்தான் அவருக்குக் கதை. விளங்காவிட்டால் ‘என்னப்பு, யார் கிணத்துக்குள்ள விழுந்தது?’ என்று உண்மையாகவே கேட்பார். பரீட்சைக் கேள்வி என்றால் கேட்கிறவருக்கு விடை முன்பே தெரியும், பிள்ளைக்கும் அது தெரியும். இந்தக் கேள்வியின் விடை தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று பிள்ளைக்கு விளங்கியதும் வாசிப்பின் தொனியே மாறுகிறது. நிறுத்துகிறது, திரும்பிப் போய் அந்த வரியை இன்னொரு தரம் வாசிக்கிறது, படத்தைப் பார்த்து விளக்கம் சொல்கிறது. முற்றுப்புள்ளியில் நிற்காமல் ஓடிய பிள்ளைகள் நிற்கப் பழகியது இப்படித்தான். அக்கா இப்போது வகுப்பிலும் ஒரு பிள்ளை வாசிக்கும்போது மற்றப் பிள்ளைகளின் புத்தகங்களை மூடிவைக்கச் சொல்கிறார்.

ஆசிரியர்களைப் பற்றி நாங்கள் பேசுவது போதாது. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலில் இருந்து விலகினார்கள். அது ஒக்டோபர் வரை நீடித்தது. பெற்றோர் பலருக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் இழந்த மாதங்கள் அவை, நானும் கவலைப்பட்டேன். ஆனால் சொந்தப் பணத்தில் போன் வாங்கி, சொந்தப் பணத்தில் டேட்டா போட்டு ஒரு வருடத்துக்கு மேல் படிப்பித்தவர்களுக்கு என்ன செய்தோம் என்றும் நாங்கள் கேட்டிருக்க வேண்டும். ஆரம்பப் பிரிவில் ஒரு வகுப்பாசிரியர்தான் பெரும்பாலான பாடங்களையும் படிப்பிக்கிறார். அவரிடம் இத்தனை செயலட்டை அனுப்பியதற்குப் படம், இத்தனை பேர் பார்த்ததற்குப் பட்டியல், அதற்கு ஒரு படிவம் என்று கேட்டுக்கொண்டே இருந்தால், அந்த நேரம் முழுவதும் பிள்ளைகளைக் கேட்கும் நேரத்தில் இருந்துதான் போகும். தூரத்துக் கற்பித்தல் மறுபடி வந்தால், தரம் 1, 2, 3 ஆசிரியர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டால் போதும் என்பது என் கருத்து: இந்த வாரம் எந்தப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டீர்கள், எங்கே தடுக்குகிறது?

பெற்றோர் செய்யக்கூடியதும் உண்டு. இரவு பத்து மணிக்கு ரீச்சருக்குக் குரல்செய்தி அனுப்பாமல் இருப்பதே பெரிய உதவி. ‘இன்றைக்கு ஒரு பக்கம் வாசித்தாள், ஐகாரத்தில் தடுக்கியது’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினால், அது பத்துப் படங்களை விட அவருக்குப் பயன்படும். அழைப்புச் செலவுக்கும் ஃபோட்டோக்கொப்பிக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒரு சிறு தொகை ஒதுக்கலாம். பெரிய பணம் தேவைப்படாத விடயம் இது.

இனி விடுமுறை. எங்களுக்கு வெளிநாடுகளைப் போல இரண்டு மாதத்துக்கு மேல் நீளும் கோடை விடுமுறை இல்லை. ஏப்ரலில், ஓகஸ்டில், டிசெம்பரில் துண்டு துண்டாக வரும். ஆனாலும் அங்கே நடந்த ஆய்வுகளில் நமக்குப் பயனுள்ளது இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்ஸன் ஆகியோரின் குழு, வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து மூன்று கோடைகளில் ஒவ்வொரு முறையும் 12 புத்தகங்கள் கொடுத்தது. புத்தகங்களைத் தெரிந்தெடுத்தது பிள்ளைகளே. புத்தகம் கிடைக்காத பிள்ளைகளை விட அவர்களின் வாசிப்பு முன்னேறியது, மிக வறிய பிள்ளைகளிடம் பலன் கூடுதலாக இருந்தது என்று 2010 இல் எழுதினார்கள். ஜேம்ஸ் கிம், தோமஸ் வைட் இருவரும் 2008 இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், புத்தகம் மட்டும் அனுப்பிய பிள்ளைகளிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. புத்தகத்தோடு, வாய்விட்டு வாசிக்கவும் விளங்கிக்கொள்ளவும் ஆசிரியர்கள் முன்பே பழக்கி, வீட்டில் கேட்கவும் ஆள் இருந்த பிள்ளைகளிடம் தெரிந்தது. இதைப் படித்தபோது அம்மம்மாக்களை நினைத்துக்கொண்டேன். பிரித்தானியாவில் 1999 முதல் நூலகங்கள் கோடையில் பிள்ளைகளைப் பெரும்பாலும் ஆறு புத்தகம் வாசிக்க அழைக்கின்றன. ஆறு என்பது நல்ல அளவு. எங்கள் ஓகஸ்ட் விடுமுறைக்கு மூன்று போதும்.

கொழும்பில் விடுமுறையை விழுங்குவது ரியூஷன். தரம் 4 இல் ஓகஸ்ட் வந்தால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பு, மாதிரி வினாத்தாள், மறுபடி வினாத்தாள். பரீட்சை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல பாடசாலைக்கு வேறு வழியில்லாத குடும்பங்களின் நம்பிக்கை அது. ஆனால் வினாத்தாள் வாசிப்பது புத்தகம் வாசிப்பதற்கு ஈடாகாது. இரண்டு வரிக் கேள்வி, சில விடைத் தெரிவுகள், அடுத்தது. ஒரு கதைக்குள் பத்துப் பக்கம் போய் வருகிற பொறுமை அதில் வளராது. அந்தப் பொறுமை இல்லாத பிள்ளைக்கு இரண்டாம் நிலைக் கல்வியின் வரலாற்றுப் புத்தகம் சுமையாகிவிடும். 2020 இல் தரம் 1 இல் இருந்த பிள்ளைகளை இப்போது அந்த வகுப்புகளில் பார்க்கிறேன். சிலருக்குப் பாடம் கடினமில்லை, பந்தியின் நீளம்தான் கடினம்.

விடுமுறையில் வாசிப்பதற்குப் புத்தகம் மட்டும்தான் என்றில்லை. யாழ்ப்பாண ரயிலில் போகிற பிள்ளை ஒவ்வொரு நிலையத்துப் பெயர்ப்பலகையையும் மூன்று மொழியில் பார்க்கிறது. மாகோ, அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி என்று ஓடும் ரயிலில் இருந்து தமிழ் வரியைப் பிடித்து வாசிப்பது அருமையான பயிற்சி. கோட்டையில் பஸ் ஏறும்போது பலகையை வாசித்து ‘இது நம்முடைய பஸ்’ என்று சொல்லும் வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். ஆடிவேல் விழா அறிவித்தல், கோயில் துண்டுப்பிரசுரம், மாஜரின் பெட்டியின் தமிழ் எழுத்து எல்லாம் வாசிப்புத்தான். அறிவித்தல் பலகைகளில் தமிழ் பிழையாக எழுதப்பட்டிருப்பது எங்களுக்குத் தீராத வேதனை. எழுத்து நன்றாகப் பழகிய பிள்ளையைப் பிழை கண்டுபிடிக்கச் சொன்னால் ஒற்றுக்கும் குறிலுக்கும் கண் கூர்மையாகும். அதோடு தன் மொழிக்குச் சரியான இடம் கேட்க வேண்டும் என்ற எண்ணமும் சின்ன வயதிலேயே விழும்.

புத்தகம் எங்கே? விஹாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் 1925 இல் திறக்கப்பட்ட கொழும்புப் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. வெள்ளவத்தையில், 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. வாங்குவதென்றால் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறது. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி வரும். ஆனால் முகத்துவாரத்தில் இருந்து மூன்று பிள்ளைகளோடு இரண்டு பஸ் மாறி நூலகத்துக்கு வா என்று ஓர் அம்மாவிடம் சொல்வது சுலபமில்லை. அவர்களுக்குப் புத்தகம் பக்கத்தில் வர வேண்டும். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் ஏராளம் இலவசமாகக் கிடைக்கின்றன. முதற்படியில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வசனம், நான்காம் படியில் பந்திகள் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். திறந்த உரிமத்தில் வெளியிட்டிருப்பதால் அச்சிட்டுக் கொடுக்கலாம். எங்கள் தெருக் கொமியூனிகேஷன் கடையில் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்து நடுவில் தைத்தால் சின்னப் புத்தகம் தயார். படங்களுக்குப் பிள்ளைகளே நிறம் தீட்டுகிறார்கள், அதனால் புத்தகம் அவர்களுடையதாகிவிடுகிறது. கதைகளின் தமிழ் தமிழ்நாட்டுத் தமிழ் என்பதால் சில சொற்கள் நம் பிள்ளைகளுக்குப் புதிது. அம்மம்மாவிடம் கேட்க அதுவும் ஒரு காரணம். நம் ஊர்ப் பழைய சிறுவர் வெளியீடுகளைத் தேடுகிறவர்கள் 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தில் பார்க்கலாம். ஆனாலும் நம் கடலும் களப்பும் ரயிலும் உள்ள தமிழ்ச் சிறுவர் கதைகள் இன்னும் நிறைய வேண்டும். எழுதக்கூடியவர்கள் எழுத வேண்டும்.

பாடசாலைக்குள்ளேயே இருக்கும் புத்தகங்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பல பாடசாலைகளில் அலுமாரி நிறையக் கதைப் புத்தகங்கள் இருக்கின்றன, பூட்டுப் போட்டு. காரணம் ஆசிரியரின் கஞ்சத்தனம் இல்லை. வருடாந்தக் கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் பொறுப்பாக இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். நாய் கடித்த புத்தகத்துக்கும் மழையில் நனைந்த புத்தகத்துக்கும் அவர்தான் பொறுப்பு. யார்தான் துணிந்து வெளியே கொடுப்பார்? அக்காவின் பாடசாலையில் பெற்றோர் சிலர் அதிபரிடம் போய், விடுமுறையில் தொலையும் புத்தகத்தை அபிவிருத்திச் சங்கம் திருப்பி வாங்கித் தரும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு தவணையின் கடைசி நாளில் பிள்ளைக்கு மூன்று புத்தகம் போகிறது. தெரிவு பிள்ளையுடையது. சிலர் படம் மட்டும் உள்ளதை எடுக்கிறார்கள், சிலர் போன தவணை எடுத்த அதே புத்தகத்தை மறுபடி எடுக்கிறார்கள். எடுக்கட்டும். தெரிந்த கதையைத் திரும்ப வாசிக்கும்போதுதான் பிள்ளை முதல் தடவையாக ஓடி வாசிக்கிறது. அந்த வேகம் கொடுக்கும் சந்தோஷத்தை நான் குரலில் கேட்டிருக்கிறேன்.

தொலைந்தவை உண்டு. சொற்பம்தான். தொலைந்தாலும் யாரோ ஒரு பிள்ளையின் வீட்டில்தான் கிடக்கிறது.

தரம் 3 ஐத் தாண்டியும் எழுத்துகள் ஒட்டாமல் நிற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கண்ணையும் காதையும் முதலில் பரிசோதிக்க வேண்டும். அதற்குப் பிறகும் மாறாவிட்டால் தனியான உதவி தேவை. தமிழில் அந்த உதவி கொழும்பிலேயே போதாது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இந்த ஓகஸ்டுக்கு அக்கா ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். ஒரு பக்கம் பிள்ளையின் பெயர், எதிரே கேட்கிறவர், நேரம். அம்மாமாரின் கூட்டத்தில் அதை வாசித்தபோது ஒருவர் எழுந்தார். புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர். “எனக்குப் படிக்கத் தெரியாதே மிஸ். அவன் பிழையா வாசிச்சா எனக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார். அக்கா சொன்னார்: “கதை உங்களுக்கு விளங்காட்டி, ‘விளங்கேல்ல, திருப்பி வாசி’ எண்டு சொல்லுங்கோ. பிழையெண்டா அந்த இடத்தில அவனுக்கே தெரிய வரும். தெரியாட்டி எனக்கு ஒரு கோல் எடுங்கோ.” அவர் தன் பெயரை எழுதச் சொன்னார். வேலை முடிந்து வீடு வர எட்டு மணி ஆகும் என்பதால் அவருடைய நேரம் எட்டரை.

தரம் 2 இல் நான்கு பிள்ளைகளுக்கு எதிரே இன்னும் பெயர் இல்லை. காலை நேரம், பத்து நிமிடம், சாதாரண அழைப்பு. தமிழ் கேட்டு விளங்கக்கூடிய யாரும் போதும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பாடசாலையின் ஆரம்பப் பிரிவிலும் இப்படிப் பெயர் இல்லாத பிள்ளைகள் இருப்பார்கள். வகுப்பாசிரியரிடம் கேட்டால் உடனே சொல்லுவார். அவருக்கு ஏற்கெனவே தெரியும்.